பாங்காக்கில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அதற்கு முந்தின வெள்ளியும் அப்படித்தான். நடுவில் ஒரு நாள் நீயாகக் கூப்பிட்டு உம்மாவிடம் இரண்டே நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிட்டாய். வேலை இருக்கும், தெரியும். இந்த மாதப் பணம் 3-ஆம் தேதியே வந்துவிட்டது. ராத்தா மகனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சு.

"இங்கே ஒரு வேளைச் சாப்பாடு 300 பாட் ஆகிறது, அதனால் ரூமிலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்று உம்மாவிடம் சொன்னாயாம். உனக்குப் பின்னால் ஜன்னலோரம் நூடுல்ஸ் கப் அடுக்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பதினோரு வருஷம் அந்த ஊரில் சாப்பிட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

300 பாட் என்பது ஏசி போட்டு, படம் போட்ட மெனு கார்டு வைத்திருக்கும் கடையின் விலை. அது சுற்றுலா வருகிறவனுக்கு. அந்த ஊர்க்காரன் காவ் கெங் கடையில் சாப்பிடுகிறான். தட்டுத் தட்டாகக் கறி வைத்திருப்பார்கள், விரலைக் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். இன்றைக்கும் 60, 70 பாட்டுக்குள் முடியும் என்று போன மாதம் அங்கிருந்து வந்த நம்ம தெருப் பையன் சொன்னான். கறியின் மேல் தேங்காய்ப்பால் எண்ணெய் பிரிந்து மினுங்குகிறதா பார். உம்மா களறிக் கறியில் பார்ப்பாளே, அதே பக்குவம்தான். ஆரஞ்சு சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ அங்கே உட்காரு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல் போனால் நல்ல கறி தீர்ந்துவிடும், பதினொன்றரைக்கே போய்விடு.

ஆனால் நமக்கு ஹலால் பார்க்க வேண்டும். "மூ", அதாவது பன்றிக்கறி, போடாதே என்று சொன்னால் போதும் என்று நினைக்காதே. சட்டி ஒன்றுதான், வறுக்கிற கொழுப்பும் சில கடையில் அதுதான். "ஆஹான் இஸ்லாம்" என்று கேள், கை காட்டுவார்கள். பச்சைப் பலகையும் அரபி எழுத்தும் இருக்கும். சீலோம் சோய் 20 சந்தில் பள்ளிவாசல் பக்கம் பார். நேரம் இருந்தால் ராம்கம்ஹேங் பல்கலைக்கழகப் பக்கம் போ. தெற்கே பட்டாணி, யாலா மாகாணங்களிலிருந்து வந்து படிக்கிற முஸ்லிம் பிள்ளைகள் அங்கே நிறைய. மாணவர்கள் சாப்பிடுகிற இடத்தில் விலை ஏறாது. பெரிய மால் என்றால் பயப்படாதே, மேல் மாடி ஃபுட் கோர்ட்டில் கார்டில் பணம் போட்டுச் சாப்பிடலாம், மீதியைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

காவ் மோக் கய் கேட்டு வாங்கு. மஞ்சள் சோற்றுக்குள் கோழியைப் புதைத்து, மேலே பொரித்த வெங்காயம் தூவி, வெள்ளரிக்காயோடு தருவார்கள். புதினாவும் மல்லியும் அரைத்த பச்சைச் சட்னி புளிப்பும் இனிப்புமாக இருக்கும், அதை விடாதே. மஸ்ஸமான் கறியில் பட்டை, ஏலம், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் உண்டு. முதல் வாய் வைத்தபோது நம் வீட்டுக் கறிக்கு யாரோ சீனி போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன், அப்புறம் அதற்காகவே போவேன். மேசையில் சீனி, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி எல்லாம் வைத்திருப்பார்கள். முதலில் ருசி பார்த்துவிட்டுப் போடு. காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே.

போன வருஷம் நான் வந்தபோது ரோட்டோர மாம்பழக்காரியிடம் நீ தாய் மொழியில் சிரித்துச் சிரித்துப் பேரம் பேசினாய். பதினோரு வருஷத்தில் எனக்கு அவ்வளவு வரவில்லை. ஊரில் எல்லாரிடமும் அதைச் சொன்னேன். அவ்வளவு பேசத் தெரிந்தவனுக்கு உம்மாவிடம் பத்து நிமிஷம் பேச வராதா? சீலோம் ரூமை விட்டு ஆன் நுட் பக்கம் மாறியதைக்கூட அடுத்தவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏன் மாறினாய் என்று கேட்கவில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே போ.

"சாப்பிட்டாச்சு வாப்பா" என்று நீ சொல்கிற குரல் எனக்குப் பழக்கமான குரல்.

1997 ஜூலை 2-ஆம் தேதி பாட்டை மிதக்கவிட்டார்கள், டாலரோடு கட்டி வைத்திருந்த மதிப்பை அவிழ்த்துவிட்டார்கள். அதுவரை டாலருக்கு 25 பாட். அடுத்த ஜனவரியில் 50-க்கு மேல். நான் நீலக்கல்லை டாலரில் கடன் வாங்கி, கடைகளுக்குப் பாட் கணக்கில் கடனுக்கு விற்றிருந்தேன். வர வேண்டியது பாதியாகிவிட்டது, கொடுக்க வேண்டியது அப்படியே நின்றது. சந்தாபுரி கல் சந்தையிலும் வாங்க ஆளில்லை. வாரா வாரம் உம்மாவுக்குப் போன் போட்டு, கோழியும் சோறுமாகத் தின்று சதை போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள், நீ சொல்லிவிடாதே.

ஹாரூன் பள்ளிவாசலுக்குப் போகிற சந்தில் ஒரு அம்மா வண்டி வைத்து காவ் மோக் விற்பாள். "பா" என்று கூப்பிடுவோம், பெரியம்மா மாதிரி. நான் கேட்காமலே ஒரு நாள் தட்டை நீட்டினாள். நாளைக்குத் தருகிறேன் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். ஐந்து மாதம் எழுதினாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. 1998 பிப்ரவரியில் சிநேகிதன் ஒருவன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். இரவோடு இரவாக வந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. 1,640 பாட் நின்றது.

2003-இல் கையில் பணத்தோடு மறுபடி பாங்காக் வந்தேன். ஜும்ஆவுக்கு வேறு பள்ளிக்குப் போனேன். போன வருஷம் உன்னோடு நடந்தபோதும் அந்தச் சந்துக்கு முன்னால் வெயில் அதிகம் என்று டாக்ஸி பிடிக்கச் சொன்னேனே, வெயிலால் அல்ல.

பணம் தனியாக அனுப்புகிறேன், 10,000 பாட். கணக்குக் கேட்காதே. வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் அந்தச் சந்தில் விசாரி. அவள் இல்லாவிட்டாலும் மகளோ பேத்தியோ வண்டி போட்டிருக்கலாம். கடனை முதலில் கொடு, யார் மகன் என்று சொல். அப்புறம் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிடு. மீதிப் பணம் உன்னிடமே இருக்கட்டும், அடுத்த வெள்ளியும் அங்கேயே சாப்பிடு.

அங்கிருந்தே எனக்குக் கூப்பிடு. உம்மா தூங்கியிருந்தாலும் பரவாயில்லை, நான் எடுப்பேன்.

வாப்பா