ஆன்டி ஹீரோ கதை எழுதும் தோழிகளுக்கு ஒரு வாசகியின் திறந்த மடல்

அன்புள்ள தோழிகளே,

இணையத்தில் தொடர்கதை எழுதுகிற, அதிலும் கெட்ட குணம் உள்ளவனை நாயகனாக்குகிற ஆன்டி ஹீரோ கதைகளையே விரும்பி எழுதுகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் கதைகளைத் தொடாமலேயே குப்பை என்று தள்ளிவிடுகிற கூட்டத்தில் நான் இல்லை. யுடி, அதாவது அடுத்த அத்தியாயம், எப்போது வரும் என்று காத்திருந்து, ராத்திரி அடுப்படியை ஒதுக்கி, மறுநாளைக்கு மாவு எடுத்து வைத்து, வீடு அடங்கினதும் போனைக் கையில் எடுக்கிற ஆயிரக்கணக்கான பெண்களில் நானும் ஒருத்தி. அந்த அரைமணி நேரம் எங்களுக்கு எவ்வளவு பெரிசு என்று எழுதுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பலரும் அதே மாதிரி வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறீர்கள்.

கெட்ட குணம் உள்ளவனை நாயகனாக்காதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. சந்தேகப் பிராணி, முன்கோபக்காரன், பழிவாங்கத் துடிக்கிறவன், ஒருத்தியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத வெறி பிடித்தவன் என்று எவனை வேண்டுமானாலும் எழுதுங்கள். குறையே இல்லாத மனுஷனைப் பற்றிப் படிக்க எனக்கும் பொறுமை கிடையாது. என் வருத்தமெல்லாம் அவன் செய்ததற்குக் கதையில் கணக்கே இல்லாமல் போகிறதே என்பதுதான்.

எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். தன் தங்கையின் சாவுக்கு நாயகிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு நாயகன் அவளைக் கடத்துகிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான், வீட்டில் பூட்டி வைக்கிறான், எல்லார் முன்னாலும் அறைகிறான், படுக்கையில் அவள் சம்மதம் என்று ஒன்று இருப்பதாகவே நினைப்பதில்லை. முப்பது நாற்பது அத்தியாயம் இது. அப்புறம் ஒரு நாள் நண்பனோ பழைய டைரியோ வந்து உண்மையைச் சொல்கிறது, அவள் நிரபராதி! நாயகன் இடிந்துபோகிறான், கையைச் சுவரில் குத்திக்கொள்கிறான், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறான். ரெண்டே அத்தியாயத்தில் அவள் மன்னிக்கிறாள். கதை முடிந்தபின் ஒட்டுகிற எபிலாக்கில் இரட்டைக் குழந்தை.

அவன் எதற்காக அழுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். தப்பான ஆளைத் தண்டித்துவிட்டோமே என்றுதான் அழுகிறான். ஒருவேளை அந்தத் தங்கையின் சாவில் இவளுக்கு நிஜமாகவே பங்கு இருந்திருந்தால்? அப்போது அந்த அறையும் பூட்டும் படுக்கையறைக் கொடுமையும் சரியாகியிருக்குமா? அவள் நிரபராதி என்பதால் மட்டும் வருகிற வருத்தம், ஒரு பெண்ணை அடைத்துவைத்து வதைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்கிற கேள்வியைத் தொடவே இல்லை. நீங்கள் அவனைத் திருத்திவிட்டதாக நினைத்து முற்றும் போடுகிறீர்கள், ஆனால் அவன் திருந்தவே இல்லை, அவனுக்குத் தகவல் மட்டும்தான் மாறியிருக்கிறது. நாளைக்கே வேறொருத்தன் வந்து உன் பொண்டாட்டி இப்படி என்று சொன்னால் மறுபடி கை நீளும். மாத நாவல்கள் பெட்டிக்கடையில் தொங்கின காலத்திலிருந்தே இந்தச் சந்தேகம், நிரபராதி, மன்னிப்பு என்கிற பாதை நம்மோடு வருகிறது. அதில் வன்முறையின் அளவு மட்டும் இப்போது கூடிக்கொண்டே போகிறது.

குறையுள்ள ஆணை எப்படி எழுதலாம் என்பதற்கு நாம் வெளியே தேட வேண்டியதே இல்லை. கோவலனை விடவா? சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் படித்துப் பாருங்கள். மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரி என்கிற ஆயர்குலப் பெண் கொடுத்த வீட்டில், கண்ணகி தன் கையால் சமைத்து வாழைக் குருத்தில் சோறு போடுகிறாள். சாப்பிட்டு முடித்தவனுக்கு வெற்றிலை பாக்கு மடித்துக் கொடுக்கிறாள். அப்போதுதான் அவன் வாயைத் திறக்கிறான். பெற்றவர்கள் சொல்லைக் கேட்கவில்லை, வீணர்களோடு திரிந்தேன், உனக்குச் சிறுமை செய்தேன், தப்பு என்றுகூட யோசிக்கவில்லை, கிளம்பு என்றதும் கிளம்பி வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று தன் குற்றங்களை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துச் சொல்கிறான். யாரும் வந்து உண்மையைப் போட்டு உடைக்கவில்லை, அவள் நிரபராதி என்று புதிதாகத் தெரிந்துகொள்ளவும் அங்கே ஒன்றுமில்லை. அவன் அழுவது அவன் செய்த காரியத்துக்காக.

அதற்குக் கண்ணகி என்ன சொல்கிறாள்? பரவாயில்லை, விடுங்கள் என்று சொல்வதில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரைக்கூட முறையாக எதிர்கொள்ள முடியாமல் நின்றேன், உங்கள் அப்பா அம்மா வந்தபோது என் துக்கத்தை மறைத்து இல்லாத சிரிப்பைச் சிரித்தேன், அதைப் பார்த்து அவர்கள் உள்ளுக்குள் நொந்துபோனார்கள் என்று அவன் விட்டுப்போன நாட்களில் நடந்ததை அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். நீங்கள் செய்தது நல்லவர்கள் மெச்சுகிற காரியம் இல்லை என்று நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். நம் ஊரில் பொறுமைக்கு உதாரணம் காட்டுகிற அந்தக் கண்ணகிதான் இதைச் சொல்கிறாள். கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான். அவன் செய்தது என்ன, அது அவளை எங்கே வலிக்க வைத்தது என்று ரெண்டு பேரும் பேசியாக வேண்டும். உங்கள் கதைகளில் எத்தனை நாயகிகளுக்கு இந்த ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது?

வெறிகொண்ட காதலும் நமக்குப் புதிதில்லை. சங்கப் பாட்டில், காதலித்தவள் கிடைக்காமல் மடலேறுகிறவன் எருக்கம்பூ சூடி, பனை மட்டையில் செய்த குதிரையில் ஏறி ஊரே பார்க்கும்படி வருவான். அவளுக்கும் அது நெருக்கடிதான், நான் மறுக்கவில்லை, ஆனால் பனை மட்டையின் அந்தக் கூரான கருக்கு கிழிப்பது அவன் தொடையைத்தான். அப்படி ஏறியதையே தொல்காப்பியம் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில், தள்ளிவிட்டது. காமம் மிகுந்து பலவந்தத்தில் இறங்குவதையும் அதே பெருந்திணையில்தான் வைத்தது. ஒத்த காதலைச் சொல்கிற அன்பின் ஐந்திணைக்குள் இதற்கு இடம் தரவில்லை. இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம் முன்னோர் எழுதாமல் விடவில்லை, அதை அன்பு என்று சொல்லி நம் கையில் கொடுக்கவும் இல்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம், கதைக்கு எதற்குச் சட்டம் என்று நினைக்காதீர்கள். கட்டாயத் தாலி கட்டினதும் உங்கள் நாயகி 'இனி இவன்தான் என் புருஷன்' என்று உடைந்து உட்கார்ந்துவிடுகிறாளே, அந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. கட்டாயக் கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைக் கடத்தினால் பத்து வருஷம் வரை சிறை. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 12-இன்படி, பலவந்தத்தால் நடந்த கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அவள் கோர்ட்டுக்குப் போகலாம், பலவந்தம் நீங்கிய ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். நாயகியைக் கலெக்டருக்குப் படிக்க வைக்கிறீர்கள், எம்.பி.ஏ. கோல்டு மெடல் வாங்க வைக்கிறீர்கள், இது மட்டும் அவளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அவளுடைய தோழி ஒருத்திகூட பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுவதில்லை. அவள் தெரிந்துகொண்டும் போகாமல் இருக்கலாம், அம்மா அப்பா மானத்துக்குப் பயந்திருக்கலாம், அப்படி எழுதினால் அதுவே பெரிய கதை. வழியே இல்லாதது மாதிரி எழுதுவதுதான் அநியாயம். எங்கேயோ ஒரு பெண் அந்த நிலைமையில் இருந்துகொண்டே உங்கள் கதையைப் படிக்கிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பின்தொடர்வதும் அப்படித்தான். ஆள் வைத்து அவளைக் கண்காணிப்பது, போனை நோண்டுவது, ஹாஸ்டல் வாசலில் ராத்திரி முழுக்க காரில் உட்கார்ந்திருப்பது, இதையெல்லாம் 'அவன் காதலின் ஆழம்' என்று எழுதுகிறீர்கள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் தொடர்வது 2013-இலிருந்தே இந்தியாவில் தனிக் குற்றம். 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை, அவள் ஒதுங்கிப்போனதைப் பொறுக்காத ஒருவன் வருகிற ரயில் முன்னால் தள்ளிவிட்டான். கதை படித்துத்தான் அவன் அப்படிச் செய்தான் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் அந்த நடைமேடையில் தினமும் நின்று ரயில் ஏறுகிற பெண்கள்தான் உங்கள் வாசகிகள். வேண்டாம் என்கிற சொல் எவ்வளவு பயத்தோடு வாயிலிருந்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் நாயகி சொல்கிற 'வேண்டாம்' மட்டும் ஒவ்வொரு முறையும் வெட்கமாகவும் பிகுவாகவும் அர்த்தம் பண்ணப்படுகிறதே, ஏன்?

இதையெல்லாம் மீறி நாங்கள் ஏன் படிக்கிறோம்? நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அடி உதை பிடித்துப் படிக்கவில்லை, தோழிகளே. கடைசியில் அவன் மன்னிப்புக் கேட்பானே, அதற்காகப் படிக்கிறோம். அதிகாரத்தோடு நடமாடுகிற ஒரு ஆண் ஒரு பெண்ணின் முன்னால் தன் தப்பை ஒத்துக்கொண்டு நிற்கிற காட்சியை எங்களில் எத்தனை பேர் வீட்டில் பார்த்திருக்கிறோம்? அப்பா கேட்டதில்லை, அண்ணன் கேட்டதில்லை, கட்டினவர் கோபம் தணிந்தால் 'டீ போடு' என்பார், அதையே சமாதானமாக எடுத்துக்கொண்டு எழுந்து போவோம். அந்த ஏக்கத்துக்காகத்தான் நாற்பது அத்தியாயக் கொடுமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி வருகிறோம். வந்து சேர்ந்தால் நீங்கள் ரெண்டு அத்தியாயத்தில் முடித்துவிடுகிறீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். அதை நாற்பது அத்தியாயம் எழுதுங்கள். அவன் கேட்கட்டும், அவள் கதவைச் சாத்தட்டும். மறுபடி வரட்டும். அவள் கோபம் ஒரு மாதம் ஆறியிருந்து திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை, ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் திரும்ப வெடிக்கட்டும். அவன் வேறெதற்காவது கையைத் தூக்கினால்கூட அவள் இன்னமும் தன்னையறியாமல் முகத்தை மூடிக்கொள்கிறாளே, அதை அவன் பார்க்கட்டும்.

அப்புறம் நாயகியின் கஷ்டம். அம்மா இல்லை, சித்திக் கொடுமை, அப்பாவுக்கு இருதய ஆபரேஷன், அதற்குப் பணம் தருகிறேன் என்று நாயகன் நீட்டுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்து. கஷ்டத்தை எழுத வேண்டாம் என்று யார் சொன்னார்கள், ஆனால் அது நம் ஊர்க் கஷ்டமாக இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிற மாநிலம் இது. நிஜத்தில் அந்தப் பொண்ணு ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் ஆஸ்பத்திரிக் கவுண்டருக்கும் அலைந்துகொண்டிருப்பாள், அடகு வைத்த நகையைத் திருப்பப் பணமில்லாமல் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பாள், மகளிர் குழுக் கடன் தவணை நாளில் கூட இருக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்கக் கூசுவாள். இந்த அலைச்சலை எழுதிப் பாருங்கள், அவள் எப்பேர்ப்பட்டவள் என்று அதிலேயே தெரிந்துவிடும். இப்போது உங்கள் கதைகளில் கஷ்டம் அவளுக்கு நற்சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது, எவ்வளவு அழுகிறாளோ அவ்வளவு நல்லவள்.

அவளுக்கும் குறை கொடுங்களேன். நாயகனுக்குக் கொலைவெறி வரை அனுமதி இருக்கிறது, நாயகிக்கு ஒரு பொய் சொல்லக்கூட அனுமதி இல்லை. பொறாமைப்படட்டும், கடன் வாங்கி மறைக்கட்டும், அக்கா புருஷனைப் பற்றிப் புறம் பேசட்டும், வேறொருத்தனை முன்னால் காதலித்திருக்கட்டும், அதற்காக வெட்கப்படாமலும் இருக்கட்டும். அவள் அப்பழுக்கில்லாதவளாக இருந்தால்தான் அவளை அடித்தது தப்பு என்றாகிறது இப்போது. குறையுள்ள ஒருத்தியை அடித்ததும் தப்புதான் என்று சொல்கிற கதையில் அவன் நிஜமாகவே மாற வேண்டியிருக்கும், எழுதுகிற உங்களுக்கும் அது கடினமான வேலையாக இருக்கும்.

இன்னும் ஒன்று, தளம் நடத்துகிற தோழிகளுக்கும் சேர்த்து. கதையின் தலைப்பில் 'ஆன்டி ஹீரோ' என்று மட்டும் போட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிவதில்லை. படுக்கையறை வன்முறை இருந்தால் அதை முதல் பக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அம்மா போனில் இதைப் படிக்கிறார்கள். கணவன் செய்தால் அது பலாத்காரம் ஆகாது என்கிற விதிவிலக்கு பதினெட்டு வயது நிறைந்த மனைவி விஷயத்தில் நம் குற்றவியல் சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது, 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டத்தில்தான் அவளுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது. சட்டமே இப்படிப் பாதியில் நிற்கும்போது கதையிலும் அதைக் 'கணவனின் உரிமை' என்று எழுதினால் அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

உங்களில் ஒருத்தர் அடுத்த கதையில் இதைச் செய்து பாருங்கள். அவன் வரட்டும், எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளட்டும், வாசகிகள் எல்லாரும் 'பாவம், மன்னிச்சிடு' என்று கெஞ்சுகிற அளவுக்கு அவனை எழுதுங்கள். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, 'நீ திருந்தியிருக்கே, நல்லா இரு, ஆனா என்னால உன்கூட வாழ முடியாது' என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு அவள் வாழ்கிற வாழ்க்கையை ஒரு பத்து அத்தியாயம் எழுதுங்கள், எபிலாக்கில் அடைக்காதீர்கள். அப்படி ஒரு தொடரை யாராவது ஆரம்பித்தால் முதல் யுடியிலிருந்து கடைசி வரை நான் கூடவே வருவேன், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கருத்தும் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி