வராத பணமும் விழாத ரேகையும்

ஆசிரியருக்கு,

முதியோர் உதவித்தொகையில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் நகராத தொகை! 2023 ஆகஸ்டில் மொத்தத்தை 1,200 ஆக்கியது தமிழக அரசுதான். அந்தப் பணம் கைக்கு வந்து சேரும் வழியையும் பேச வேண்டும்.

ஆதார் வழியாக வரவு வைக்கப்படும் எந்த உதவித்தொகையிலும் கணக்கு எண் பார்க்கப்படுவதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தாரோ, பணம் அங்கே போய்விடும். கடன் வாங்கவோ சிம் வாங்கவோ போன இடத்தில் திறந்த கணக்கு பாட்டிக்கு நினைவிருக்காது. 'பணம் வரல' என்று தாலுகா ஆபீசுக்கு நடப்பார். மைஆதார் தளத்தில் எந்த வங்கி என்று 2 நிமிடத்தில் பார்த்துவிடலாம். இ-சேவை மையங்கள் மனு வாங்குமுன் இதைப் பார்த்தாலே பாதி அலைச்சல் குறையும்.

அடுத்தது, ஊரில் பணம் எடுத்துத் தரும் வங்கி முகவரின் கருவியில் வைக்கும் கைரேகை. நாற்று நட்டும் பீடி சுற்றியும் தேய்ந்த கட்டைவிரல் கருவியில் விழாது. கையைக் கழுவித் துடைத்து, மோதிர விரல் உட்பட மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். வங்கி முகவர்களிடம் கருவிழிக் கருவியும் இருக்க வேண்டும்.

கருவி 'தோல்வி' காட்டியும் கணக்கில் பணம் கழிந்துவிடுவதுண்டு. 5 நாளுக்குள் அது திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2019 முதல் ரிசர்வ் வங்கி விதி. கேட்காமலேயே வர வேண்டும்; வராமல் கேட்கப் போனால் தோல்விச் சீட்டு உதவும். அதைத்தான் முகவர்கள் கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்