சுண்ணாம்பு மண்ணும் மஞ்சள் புதினாவும்

காலடிப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் புதினாவைத்தான் நீ கோபித்துக்கொள்ள வேண்டும். அது தேறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

கோவில்பட்டியில் நீ விதைத்த கொத்தமல்லி மூன்றாம் வாரமே வெளுத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். உன் கரிசலில் சுக்கான் கல் என்னும் சுண்ணாம்புக் கட்டி என்றால், என் பின்கட்டில் பழைய வீட்டை இடித்த சுண்ணாம்புக் காரை. அந்தக் காலத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஒரு சாண் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன், பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 8.3, அதாவது கார மண் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் நானும் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியாவைத் தூவினேன். அதற்கு அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இங்கே கொழுந்து மஞ்சள், அதில் நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புக் குறை. உன் கொத்தமல்லியின் இலையை வெயிலில் பிடித்துப் பார், தெரிந்துவிடும். இலை சிறுத்தும் போயிருந்தால் துத்தநாகமும் சேர்ந்து இழுக்கிறது என்று சந்தேகப்படு.

அடுத்த முட்டாள்தனம், அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) வாங்கி வேரில் கொட்டியது. ஒரு வாரத்தில் மண் துருநிறமானது, செடி அப்படியே இருந்தது. பிறகுதான் படித்தேன்: மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பி.எச். ஒரு அலகு ஏறினால் நீரில் கரைந்து நிற்கும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நாம் கொட்டுவதும் அதே பூட்டுக்குள் போய்விழுகிறது.

கந்தகம் போட்டு மண்ணையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ சுண்ணாம்பைக் கரைக்க சுமார் 320 கிராம் கந்தகம் வேண்டும். நூறு கிலோ மண்ணில் பத்து கிலோ சுண்ணாம்பு இருந்தால் மூன்று கிலோவுக்கு மேல். உன் இரண்டு ஏக்கருக்குக் கந்தகம் வாங்க நிலத்தையே விற்க வேண்டியிருக்கும். வேர் ஓடும் வரிசையில் மட்டும் தொழு உரத்தோடு கலந்து வைத்தால் அந்த இடத்திலாவது புளிப்பு ஏறும்.

எனக்கு உடனே கைகொடுத்தது தெளிப்புதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். வெயில் சாய்ந்த பின், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளித்தேன். பத்தாவது நாள் வரும் புது இலை மறுபடியும் வெளுக்கிறது, ஏனென்றால் இலைக்குப் போன இரும்பு அங்கிருந்து கொழுந்துக்கு அதிகம் நகர்வதில்லை. ஆகவே திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். சாப்பிடும் இலை, பறித்ததும் நன்றாகக் கழுவச் சொல். கடைகளில் செலேட் இரும்பும், அதாவது மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பும், கிடைக்கிறது. ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று போட்டிருப்பது உன் மண்ணில் வேருக்கு வீண். ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டிருப்பதுதான் சுண்ணாம்பு மண்ணில் தாங்கும். விலையைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்துவிட்டேன்.

சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். வேலியோரம் எலுமிச்சைப்புல் நட்டிருந்தேன், அதே மண்ணில் கரும்பச்சையாக நிற்கிறது. அதன் பக்கத்தில் படர்ந்த புதினாவும் மற்றதைவிடப் பச்சை. புல்லினங்களின் வேர் இரும்பைப் பற்றிக் கரைத்து இழுக்கும் ஒரு பொருளைக் கசியவிடுகிறதாம். புதினா, கொத்தமல்லி வகைக்கு அந்த வித்தை கிடையாது. அவை வேரடியில் புளிப்பை விட்டு இரும்பைக் கரைக்கப் பார்க்கும், சுண்ணாம்பு அதை உடனே முறித்துவிடும். சீனாவில் சுண்ணாம்பு நிலத்தில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தைச் சேர்த்து நட்டபோது கடலையின் மஞ்சள் குறைந்ததை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். என் வேலியோரத்தில் காரை குறைவாக இருப்பதும் காரணமாக இருக்கலாம், அதனால் இப்போதே வெற்றி என்று கூவமாட்டேன். ஆனாலும் நீ இரண்டு வரி ஊடுபயிராக வைத்துப் பார்.

இன்னொன்று, தண்ணீரைக் குறை. ஈரம் தேங்கினால் மண்ணுக்குள் சிக்கும் கரியமில வாயு பைகார்பனேட்டாகி வேரை இன்னும் முடக்கும். இங்கே போர் தண்ணீரும் கடினம்தான், அதனால் மழைநீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன்.

காசிமேட்டு மீன் கழிவில் வெல்லம் போட்டு செடிக்கு ஊற்றும் மீன் அமிலமும் புளிக்கவைத்துத் தயாரித்தேன். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டிரம்மை மொட்டை மாடிக்கு ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. முழங்கால் வலியோடு ஏற்றினேன்.

அம்மாவின் கண் அறுவை நல்லபடி முடிந்ததா? தங்கையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு வருகிறேன், எலுமிச்சைப்புல் நான்கு தூர் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவேன். பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் வராதே, மூட்டை பெரியது.

உன்,
கண்ணன்