உன் அம்புக்குறி பற்றி

அன்புள்ள முரளி,

பதில் போட இவ்வளவு நாளாக்கிவிட்டேன் என்று திட்டுவாய், தெரியும், படித்து முடித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் நலம். நம் நண்பன் தாடி வேலை மாறிவிட்டான், சத்தம் மட்டும் குறையவே இல்லை.

நீ அனுப்பிய பணக் கணக்கு சிஸ்டத்தின் டிசைனைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு மெஷினில் லோடு, அதாவது வேலைச் சுமை, கூடினால் கணக்கு ஆப்ஜெக்டை (ஒரு கணக்கின் டேட்டாவும் அதைக் கையாளும் நிரலும் சேர்ந்த பொட்டலத்தை) அப்படியே தூக்கி இன்னொரு மெஷினில் வைத்துவிடலாம் என்று ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறாய் பார், தொல்லையெல்லாம் அந்த அம்புக்குறிக்குள்தான் இருக்கிறது. டேட்டாவை பைட்டுகளாக்கி அனுப்புவது பெரிய விஷயமில்லை. அந்த ஆப்ஜெக்ட் திறந்து வைத்திருக்கும் ஃபைல், சாக்கெட் என்கிற நெட்வொர்க் இணைப்பு, அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் என்கிற பாதி வேலை எல்லாம் எங்கே போகும்? அதைக் கூப்பிடுகிறவர்கள் பழைய இடத்தையேதானே தட்டிக்கொண்டிருப்பார்கள்?

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 80களில் செய்த எமரால்டு நிரல் மொழி நினைவிருக்கிறதா? அதைப் பற்றி 1988ல் வந்த கட்டுரையை உனக்காக மறுபடி எடுத்துப் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டையே, ஸ்டாக்கில் (நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பில்) அதற்குரிய பகுதியோடு சேர்த்து நகர்த்தியிருக்கிறார்கள்! போகும்போது பழைய மெஷினில், புது இடத்தைக் காட்டும் ஃபார்வர்டிங் முகவரி ஒன்றை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு முறை நகரும்போதும் எண் ஒன்று கூடும், இரண்டு முகவரிகள் முரண்பட்டால் பெரிய எண் உள்ளதுதான் செல்லும். எத்தனை எளிமை, எத்தனை அழகு!

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். முதல் மெஷின் அனுப்பிவிட்டது, இரண்டாவது வாங்கி ஓட்டவும் தொடங்கிவிட்டது, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. குறித்த நேரத்தில் பதில் வராமல் டைம்அவுட் ஆனால் பழைய பிரதியைத் திரும்ப ஓட்டு என்று எழுதியிருக்கிறாயே, அப்போது ஒரே கணக்கு இரண்டு இடத்தில் உயிரோடு இருக்கும், இரண்டும் பணத்தைக் கழிக்கும். அந்த வரியை முதலில் எடு. அனுப்பும் முன்பே பழைய பிரதியை உறைய வை, அழிக்காதே. மறுமுனை பேசாவிட்டால் அது தானாக எழுந்துவிடக் கூடாது, நோடுகளில், அதாவது மெஷின்களில், பெரும்பான்மை கூடி முடிவு செய்யட்டும். டேட்டாபேஸில் எழுதும்போதெல்லாம் அந்த நகர்வு எண்ணும் கூடப் போக வேண்டும், பழைய எண்ணோடு எது வந்தாலும் டேட்டாபேஸே மறுத்துவிடட்டும்.

அப்புறம், ஆப்ஜெக்டை பைட்டுகளாக்க ஜாவா மொழியின் சொந்த சீரியலைசேஷன் வேண்டவே வேண்டாம். 2015ல் ஜாவாக்காரர்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் வழியாக எத்தனை சர்வர்கள் ஊடுருவுகிறவர்களுக்குத் திறந்து கிடந்தன என்று நீயே பார்த்தாய். டேட்டா மட்டும் பயணம் செய்யட்டும், எந்த கிளாஸ் (ஆப்ஜெக்டின் அச்சு) என்பதை வாங்கும் மெஷின் தன் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும்.

நகர்த்தும் வேலையைச் செய்யும் மூவ் ஃபங்ஷனை மட்டும் இன்றைக்கே அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன். அதுவரை ஆட்கள் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் எதையும் ஏற்றிவிடாதே, ப்ளீஸ்.

அன்புடன்,
சேகர்