ஐந்து நாள் மாத்திரை எழுதும்போது இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

மூச்சுக்கு மருத்துவம் பார்க்கிறவர்களுக்கும் சர்க்கரைக்கு மருத்துவம் பார்க்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மாவிடம் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. நீலக் கோப்பு ஆஸ்துமாவுக்கு, மஞ்சள் கோப்பு சர்க்கரைக்கு. எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டுதான் போவார். ஆனால் இத்தனை வருடங்களில் ஒரே மேசையில் இரண்டையும் யாரும் விரித்துப் பார்த்ததில்லை. அதனால் நடந்ததைச் சொல்லத்தான் உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

ஒருமுறை அம்மாவுக்கு இழுப்பு கடுமையாக வந்தது. நெபுலைசர் வைத்தார்கள், மூச்சு சீரானது. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் சாப்பிட்டதும் போடச் சொன்னார்கள். அது ஸ்டீராய்டு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஒழுங்கானவர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பார். முதல் நாள் 118, அடுத்த நாள் 124. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நாங்கள் நினைத்தோம். நான்காம் நாள் தாகம் தாங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழுந்தார், கண் மங்குகிறது என்றார். பயந்துபோய் மாலை ஆறு மணிக்குக் குத்திப் பார்த்தோம். 412.

சர்க்கரை மருத்துவரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பிட்டீங்க?" இரண்டாவது கேள்வி: "மாத்திரையை விட்டுட்டீங்களா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எழுபது வயதில், செய்யாத தப்புக்கு. நீலக் கோப்பு அவர் மடியிலேயே இருந்தது.

மருத்துவர்களே, இந்தக் கணக்கு எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் போடும் பிரட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு மாத்திரை கல்லீரலைக் கூடுதலாகச் சர்க்கரை உற்பத்தி செய்ய வைக்கிறது, தசைகளில் இன்சுலின் எடுபடாமல் செய்கிறது. அந்த ஏற்றம் பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்குப் போய், விடியற்காலைக்குள் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஆகவே வெறும் வயிற்றுச் சோதனையில் அது பிடிபடாமலே போகலாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்போ மாலையிலோ பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எந்த அறையில் செலவாக வேண்டும் என்பதுதான் உங்களுக்குள் முடிவாகவில்லை என்று நினைக்கிறேன். மூச்சைப் பார்ப்பவர், சர்க்கரை மருத்துவர் சொல்லியிருப்பார் என்று விடுகிறார். சர்க்கரையைப் பார்ப்பவருக்கோ அந்த மாத்திரை எழுதப்பட்டதே தெரியாது.

இன்னொரு ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. மாலைச் சர்க்கரையைப் பார்த்து இரவு இன்சுலினை ஏற்றினால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மாத்திரை முடிந்த பிறகும் ஏற்றிய அளவு அப்படியே தொடர்ந்தால் அதே கதிதான். எப்போது கூட்டுவது என்று சொல்லும்போதே எப்போது குறைப்பது என்றும் சொல்லிவிடுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஸ்டீராய்டால்தான் சர்க்கரை ஏறியது என்று தெரிந்ததும், தினமும் எடுக்கும் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருப்பதை அம்மா யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். எங்களிடம் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். மூச்சு முட்டும்போது மட்டும், மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் சால்புட்டமால் பஃப். இரண்டு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் மறுபடி இழுப்பு, மறுபடி நெபுலைசர், மறுபடி அதே ஐந்து நாள் மாத்திரை.

ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் என்றால் 200 மில்லிகிராம். இப்படி ஐந்து தடவை போட்டால் ஒரு கிராம். இன்ஹேலரில் ஒரு நாளைக்குப் போவது மைக்ரோகிராம் கணக்கு, அதிலும் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போவது கொஞ்சம்தான். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்துமாவுக்காக இப்படிக் குறுகிய காலம் எடுக்கும் ஸ்டீராய்டு வாழ்நாளில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை சேர்ந்தாலே சில பாதிப்புகளின் ஆபத்து கூடத் தொடங்குவதாகக் கண்டது. மாத்திரையோ ஊசியோ எடுத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்ட நோய்களில் வகை 2 நீரிழிவும் ஒன்று. சர்க்கரைக்குப் பயந்து அம்மா எதை நிறுத்தினாரோ, அதுதான் அவரை அந்த மாத்திரையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்ஹேலரால் சர்க்கரைக்குத் துளியும் பாதிப்பில்லை என்று நான் வாதாடவில்லை. 2010இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மூச்சு நோய் மருந்து எடுப்பவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களுக்குப் புதிதாக நீரிழிவு வரும் விகிதம் 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதிக அளவு எடுத்தவர்களிடம் 64 சதவீதம். ஆகவே அளவு முக்கியம். ஆஸ்துமா மூன்று மாதம் நன்றாகக் கட்டுக்குள் இருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்று உங்கள் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. சர்க்கரை உள்ளவரிடம் அந்த மூன்று மாதக் கணக்கை மறக்காமல் பாருங்கள். நோயாளி பயத்தில் தானாக நிறுத்துவதும், நீங்கள் பார்த்துக் குறைப்பதும் ஒன்றல்ல.

இரண்டு நோய்க்கும் மருந்து மட்டுமே பாலம் இல்லை. உடல் பருமனும், உடலில் இன்சுலின் சரியாக எடுபடாத இன்சுலின் எதிர்ப்பும் மூச்சுக்குழாயையும் பாதிக்கின்றன. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு ஆஸ்துமாத் தாக்குதல் குறைவாக வருவதாகச் சில கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. அதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் இரண்டு துறைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல விஷயம் வேறென்ன வேண்டும்?

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வகை 1 நீரிழிவு இருப்பது தெரியாத குழந்தைக்கு இரத்தத்தில் அமிலம் ஏறும்போது மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும். பார்ப்பதற்கு இழுப்பு மாதிரி இருக்கும், ஆனால் நெஞ்சில் வீசிங் சத்தம் இருக்காது. அதை ஆஸ்துமா என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை இன்னும் ஏறும், குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். மூச்சு வாங்கும் குழந்தைக்கு மருந்து ஏற்றும் முன் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். வாரக்கணக்கில் தண்ணீர் கேட்டதா, இரவில் படுக்கையை நனைத்ததா என்று தாயிடம் கேளுங்கள்.

மூச்சுவழி உறிஞ்சும் இன்சுலினான அஃப்ரெசா 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்ற எச்சரிக்கையைக் கறுப்புக் கட்டமிட்டுக் குறிப்பிலேயே அச்சிட வைத்தார்கள். அங்கே நுரையீரலையும் சர்க்கரையையும் ஒரே உடம்பாகப் பார்க்க முடிந்திருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்னது. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு எழுதும் சீட்டிலேயே இதையும் எழுதுங்கள்: "இது ஸ்டீராய்டு. மாலையில் சர்க்கரை பார்க்கவும். இந்த அளவைத் தாண்டினால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்." சர்க்கரை மருத்துவர்கள், எதிர்பாராமல் எண் ஏறியிருந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் முன் சமீபத்தில் மூச்சுக்கு ஏதாவது மாத்திரை, ஊசி போட்டீர்களா என்று கேளுங்கள்.

அம்மாவின் நீலக் கோப்பின் உள்அட்டையில் இப்போது அந்த வரிகளை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்த அளவைத் தாண்டினால், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இரண்டு இடங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவற்றை நிரப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு கோப்புகளையும் சுமக்கும் ஒரு மகள்