‘இன்னொரு தடவை’ உதைத்தவர்களுக்கு

ஆய்வில் பங்கேற்ற அனைவருக்கும், உடன் நின்ற ஆய்வகத் தோழர்களுக்கும் வணக்கம்.

நம் தசை வலிமை ஆய்வின் கடைசி அளவீடு நேற்று மாலை முடிந்தது. நீங்கள் உட்கார்ந்து உதைத்த அளவுக் கருவி நாற்காலியின் பட்டைகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதை எழுதாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று தோன்றியது.

இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தசை வலிமை அப்படியல்ல. கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், உட்கார்ந்திருப்பவர் மனம்வைத்து உதைக்காவிட்டால் திரையில் ஓடுவது வெறும் கோடுதான். நீங்கள் மனம்வைத்தீர்கள்.

அதிலும் அந்த மின்தூண்டல் சோதனை! 1954-ல் மெர்ட்டன் என்ற உடலியலாளர் விவரித்த முறை அது. நீங்கள் உச்ச பலத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நரம்பில் சிறு மின்துடிப்பு கொடுப்போம். விசை அதற்குமேலும் துள்ளினால், மூளை தசையை முழுதாக வேலைவாங்கவில்லை என்று பொருள். ‘முழுசாத்தான் தள்ளினீங்களா?’ என்று உங்களைக் கேட்காமல் தசையையே கேட்பது மாதிரி. சுரீரென்று இழுக்கும் என்று தெரிந்தும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டீர்கள். எனக்கே செய்து பார்த்தபோது நான் கத்திவிட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரத்தில் வந்த ஆறு பேரிடம் தனியாக மன்னிப்பும் கேட்க வேண்டும். காலின் எடைக்கான திருத்தத்தை நான் பதிவு செய்ய மறந்துவிட்டேன். காலின் கனம் நீட்டும்போது எதிர்த்து இழுக்கும், மடக்கும்போது துணைக்கு வரும்; அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் முழங்காலை நீட்டும் வலிமை குறைத்தும், மடக்கும் வலிமை கூட்டியும் பதிவாகும். கண்டுபிடித்தவர் எங்கள் டெக்னீஷியன் அண்ணன். திரும்பக் கூப்பிட்டதற்கு ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. “என் கால் கனம்னு இப்பவாவது தெரிஞ்சுதே” என்றார் ஒரு ஐயா.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் அக்காவின் தொண்டைக்கும் நன்றி. உற்சாகக் குரல் கேட்டால் விசை கூடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே சொற்கள், ஒரே சத்தம். “தள்ளுங்க, தள்ளுங்க, விடாதீங்க!” காலை முதல் ஆளுக்கும் மாலை கடைசி ஆளுக்கும் அதே குரல்.

முழங்கையை 90 டிகிரி மடக்கி, கையின் பிடிவலிமையை அளக்கும் பிடிமானியை அழுத்தியபோது, “இதைப் பிடிச்சா என்னம்மா தெரியும்?” என்று ஒரு அம்மா கேட்டார். அவசரத்தில் மழுப்பிவிட்டேன். இதோ பதில், அம்மா: 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ‘பியூர்’ என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2015-ல் வெளியானது. பிடிவலிமையில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. கை தளர்வதால் உயிர் போவதில்லை. உடம்பின் நிலைமையைக் கை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னபோது நான்காவதில் நின்றுபோன பெரியவருக்கு: “உங்க கணக்கைக் கெடுத்துட்டேனா?” என்றீர்கள். இல்லை ஐயா. இத்தகைய ஆய்வுகளுக்குத் திடமானவர்களே தேடி வருவார்கள். அவர்களை மட்டும் அளந்தால் ஊருக்கே கால் பலம் என்று எழுதிவிடுவோம். முடியாமல் போனதும் ஓர் அளவுதான்.

உங்கள் அளவுகள் அடங்கிய தாள் தபாலில் வரும். வலக்காலுக்கும் இடக்காலுக்கும் எண் சற்று மாறியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

நன்றியுடன்,
ஒவ்வொரு முறையும் ‘இதுதான் கடைசி’ என்று பொய் சொன்ன ஆய்வு மாணவி