உருவினால் முறுக்கும், உருட்டினால் முறுக்காது

வின்னிபெக்,
பிப்ரவரி 9

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

இங்கு நான் நலம். அங்கு எல்லோரும் நலமா?

நைனா, உங்கள் கடிதம் கைக்கு வந்தது. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார்களே, அவர்களுடைய பையன் காட்பாடியிலிருந்து வரும்போது கொண்டுவந்தான். கூடவே அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு. மூன்று விமானம் மாறியதில் பாதி மாவாகிப் போயிருந்தது. மாவையும் விடவில்லை, தயிரில் கொட்டித் தின்றுவிட்டேன். கடிதத்தின் முதல் வரியே "மூணு மாசமா ஒரு வரி எழுதல" என்று இருந்தது. உண்மைதான். வாரம் தவறாமல் போனில் பேசுகிறேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். விசைத்தறிச் சத்தத்தில் போன உங்கள் காதுக்கு அந்தப் போனால் என்ன பயன்? வீடியோவில் வந்தாலும் உங்கள் முகம் எங்கே தெரிகிறது, கூடத்து மின்விசிறிதான் தெரிகிறது. இனி மாதம் ஒரு கடிதம். இது முதல்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். நேற்று மைனஸ் 31. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் தெருவில் கால் வைக்க முடியாதே, அதே மாதிரி இங்கே மூச்சு இழுக்க முடியாது. மூக்குக்குள் முடி விறைத்துக்கொள்ளும். வெளியே வந்த ஐந்து நிமிடத்தில் கண் இமை இரண்டும் ஒட்டப் பார்க்கும். ஆனால் வீட்டுக்குள் சூடாகவே இருக்கிறது, அம்மா கவலைப்பட வேண்டாம். காரை விற்றுவிட்டேன். இந்தக் குளிரில் பேட்டரியைக் காப்பாற்றுவதே ஒரு வேலையாக இருந்தது, இப்போது நிம்மதி. பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது உடம்புக்கும் நல்லது. வேலை நன்றாகப் போகிறது. கிடங்கில் சனி, ஞாயிறோடு இப்போது வெள்ளியும் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். அந்த ஓய்வில்தான் மீன் பிடிக்கப் போகிறேன். அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

எதிர்வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். விடிகாலை ஐந்து மணிக்குத் தன் வாசல் பனியை அள்ளிவிட்டு, யாரும் கேட்காமலே எங்கள் வாசலையும் அள்ளிவிட்டுப் போவாரே, அவர்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பமாம். மனைவி போய் ஆறு வருடம். உருளைக்கிழங்கை மசித்து உள்ளே வைத்து நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்று செய்வார், பெரோகி என்று பெயர். ஒருநாள் ஒரு தட்டு கொடுத்தார். பதிலுக்கு நான் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயில் கொஞ்சம் கொடுத்தேன். அதை ரொட்டியில் வெண்ணெய் மாதிரி தடவித் தின்றிருக்கிறார். இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலி பாட்டிலோடு வாசலில் நிற்கிறார், இன்னும் வேண்டுமாம். ஊர் எது என்று கேட்டார், குடியாத்தம் என்றேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. அன்றிலிருந்து நான் "குடி". அதற்கு நம் பாஷையில் என்ன அர்த்தம் என்று இன்னும் சொல்லவில்லை.

அவர்தான் என்னை வின்னிபெக் ஏரிக்குக் கூட்டிப்போனார். ஏரி என்றால் நம் நெல்லூர்பேட்டை ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். 24,500 சதுர கிலோமீட்டர். பிரிக்காத பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதையும் தூக்கி உள்ளே வைத்தாலும் பாதிதான் நிரம்பும். ஆழம் மட்டும் அதிகம் இல்லை, சராசரி 12 மீட்டர். அந்த ஏரி முழுக்க இப்போது கல்லாக உறைந்து கிடக்கிறது. அதன்மேல் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 10 சென்டிமீட்டர் உறைந்திருந்தால் ஆள் நடக்கலாம், 30 தாண்டினால்தான் வண்டி என்பது இங்கே கணக்கு. கிழவர் துளை போட்டு அளவுகோலை விட்டுக் காட்டினார், 70 இருந்தது. அதனால் அம்மா, பயப்படாதே.

போர் போடுகிற மாதிரி ஒரு பெரிய திருகு வைத்து ஒரு சாண் அகலத்துக்குத் துளை போடுகிறார்கள். மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. 4 டிகிரியில்தான் தண்ணீர் கனமாக இருக்குமாம், அது அடியில் போய்த் தங்கிவிடும், மீனும் அதில்தான் இருக்கும். துளைமேல் சின்னக் கூடாரம், உள்ளே ஒரு எரிவாயு அடுப்பு, இரண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டால் நாற்காலி. கோல் முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். வீசுகிற வேலையே இல்லை, தூண்டிலை நேராகக் கீழே இறக்க வேண்டியதுதான்.

இங்கேதான் வில்லங்கம். தூண்டில் கீழே போனதும் பம்பரம் மாதிரி சுழல்கிறது. குளிர் தண்ணீரில் மீனுக்குச் சோம்பல், பாய்ந்து வந்து கவ்வாது. மெல்லக் கிட்டே வந்து பார்க்கும். இரை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தால் சந்தேகப்பட்டுத் திரும்பிவிடும். கிழவரிடம் ஒரு சின்னத் திரை இருக்கிறது, மீன் வருவது அதில் கோடாகத் தெரியும். கோடு வரும், நிற்கும், போய்விடும். வரும், நிற்கும், போய்விடும். அன்று காலை மட்டும் ஏழெட்டு முறை. மேலே இழுத்தால் தங்கூசி நரம்பு கொடி மாதிரி தன்னோடு தானே பின்னிக்கொண்டு கிடக்கும். கிழவர் தன் பாஷையில் ஏதோ திட்டி அந்த நரம்பை வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார், கீழே போட மாட்டார். சாயங்காலத்துக்குள் பை உப்பிவிட்டது.

நைனா, கோலில் நரம்பைச் சுற்றி வைக்கும் அந்த ரீலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருளை அசையாமல் நிற்கிறது, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு வருகிறது. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் சுழலாமல் நிற்க, நூல் நுனி வழியாக உருவி வருமே, அதே கதை! "உருவினா முறுக்கும், உருட்டினா முறுக்காது" என்று தார் சுற்றும்போது அம்மா சொல்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. அந்தச் சின்ன உருளையை நரம்பால் சுற்றி அளந்தேன், ஒரு சுற்று 12 சென்டிமீட்டர். 6 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால் 50 முறுக்கு. திரும்பச் சுற்றும்போது, உருளையைச் சுற்றி வருகிற ரீலின் கம்பி எதிர்ப்பக்கமாக நரம்பைச் சுற்றி முறுக்கைக் கழித்துவிட வேண்டும்தான். ஆனால் நடுவில் கீழே தொங்கும் தூண்டில் சும்மா இருக்கிறதா? தானே சுழன்று அந்த 50 முறுக்கையும் விட்டுவிடுகிறது. அப்புறம் மேலே சுற்றினால் புதிதாக 50 எதிர்ப்பக்கம் ஏறும். இறக்க இறக்க இதே கூத்து.

நான் நெசவாளி மகன், விடுவேனா? கடையில் புது நரம்பு வாங்கி, அந்தச் சுருளுக்குள் ஒரு பென்சிலைச் செருகி, கிழவரைப் பிடிக்கச் சொல்லி, ராட்டை மாதிரி உருட்டிவிட்டு ரீலில் ஏற்றினேன். பெருமைதான் வேறென்ன. ஏரிக்குப் போனால் முன்பைவிட மோசம். மூன்றாவது இறக்கலிலேயே பின்னிக்கொண்டது. கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, ஊறுகாய் தின்ற அன்று பார்த்த மாதிரி பார்த்தார்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் புரிந்தது. சுருள் உருண்டு நேராகக் கொடுத்த நரம்பை, அந்த ரீல் வாங்கும்போதே சுற்றுக்கு ஒன்றாக முறுக்கித்தான் வாங்குகிறது. இந்த ரீலுக்குச் சுருளைத் தரையில் படுக்கப் போட்டு உருவத்தான் வேண்டும். கம்பி சுற்றுகிற பக்கமாகவே சுருளிலிருந்தும் கழன்று வரும்படி வைத்தால், அங்கே ஏறுகிற முறுக்கு இங்கே கழிந்துவிடும். பத்துச் சுற்று சுற்றியதும் நரம்பைத் தளரவிட்டுப் பார்க்க வேண்டும். சுருண்டால் சுருளைத் திருப்பிப் போட வேண்டும். அம்மா சொன்னது தப்பில்லை, நான்தான் பாதியைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு தப்பும் செய்துகொண்டிருந்தேன். பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடக் கூடாது என்று ரீல் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். அந்த நேரத்திலும் நான் கைப்பிடியை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பேன். நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். கைப்பிடியை ஒரு தடவை சுற்றினால் கம்பி ஐந்து தடவை சுற்றுகிற ரீல் அது, அப்போது ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. மீன் இழுத்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அது ஓய்ந்த பிறகுதான் சுற்ற வேண்டும்.

இதையெல்லாம் வாளிமேல் உட்கார்ந்து நூலை வைத்துக் கிழவருக்கு விளக்கினேன். அடுத்த வாரம் அவர் தன் நிலவறையிலிருந்து ஒரு ரீலைத் துடைத்துக் கொண்டுவந்தார். ராட்டைச் சக்கரம் மாதிரியே இருக்கிறது. உருளையே சுழன்று நரம்பை விடும், உருளையே சுழன்று வாங்கும். உருவலே கிடையாது. முறுக்கும் கிடையாது. இத்தனை வருடம் அதைக் கீழே போட்டு வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். மனைவியுடையது என்றார்.

அதோடு, தூண்டிலுக்கு ஒன்றரை அடி மேலே ஒரு சின்ன ஸ்விவல் கட்டுகிறோம். பசுமாட்டுக் கயிறு முறுக்காமல் இருக்கக் கழுத்துக்கிட்ட ஒரு இரும்பு வளையம் போடுவார்களே, அதையே கடுகளவு செய்த மாதிரி. மலிவானது இவ்வளவு லேசான தூண்டிலுக்குச் சுழலாது, உள்ளே பேரிங் குண்டு வைத்தது வேண்டும். மேலே சுற்றும்போது அது கோலின் நுனி வளையத்தில் இடிக்காமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படியும் முறுக்கு ஏறிவிட்டால், தூண்டிலைக் கழற்றிவிட்டு வெறும் எடைக் குண்டை மட்டும் கட்டி இறக்கி, அது சுழன்று சுழன்று அடங்கும்வரை ஒரு டீ குடிக்கலாம். இறக்கினதும் உடனே ஆட்டாமல், சுழல்வது நின்ற பிறகு ஆட்டுவதே பாதி மருந்து.

அன்று நான்கு மீன். வால்ஐ என்று ஒரு மீன், இங்கே இருப்பவர்கள் பிக்கரல் என்கிறார்கள். இருட்டில் கண் பூனைக்கண் மாதிரி மின்னும். வெள்ளைச் சதை, முள் குறைவு. புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். கத்திரிக்காய் போட்டேன், அது பஞ்சு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு இங்கே எங்கே போவது. ஆனால் மண்சட்டி இல்லாமலே மறுநாள் குழம்பு நன்றாக இருந்தது. கிழவர் மூன்று தட்டு சாப்பிட்டார், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அந்தச் சக்கர ரீலைச் சுற்றும்போது கிறிச் கிறிச்சென்று ஒரு சத்தம் வருகிறது, நைனா. காலையில் நான் எழுந்திருக்கும் முன்னாலேயே திண்ணையில் அம்மா ராட்டை சுற்றுவாளே, பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேனே, அப்படியே அது. கூடாரத்துக்குள் வேறு சத்தமே இல்லை. வெளியே கண்ணுக்கு எட்டினவரை வெள்ளை. என்ன ஆச்சு என்று கிழவர் கேட்டார். அடுப்புப் புகை என்றேன். அந்த அடுப்பில் புகையே வராது. அவர் எழுந்து போய்க் கூடாரத்தின் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கண் ஆபரேஷனை இனியும் தள்ளாதீர்கள். வெயில் ஏறுவதற்குள், மாசியிலேயே முடித்துவிடுங்கள். அக்காவும் மாமாவும் வேலூரில் இருக்கும்போது என்ன தயக்கம்? இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டு வரலாம். இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். வங்கிக் கணக்கு மாற்றுகிறேன், அதனால்தான், வேறொன்றும் இல்லை. அம்மா வளையலை இப்போதைக்கு மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டிவைக்கட்டும். ஆடிக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

தறிக்கொட்டகை விஷயத்தில் சித்தப்பாவோடு வாய் வளர்க்காதீர்கள். 2021 வெள்ளத்தில் கௌண்டன்யா ஆறு ஏறி வந்தபோது அந்தச் சுவரைத் தன் காசில் எடுத்துக் கட்டினது அவர்தான். ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டார் என்பதும் உண்மைதான். சர்வேயரை வைத்து அளந்துவிட்டு அப்புறம் பேசலாம். அதுவரை யாரும் எதிலும் கையெழுத்து போட வேண்டாம். அம்மா, இது உனக்கும் சேர்த்துத்தான்.

பாப்பாவுக்குக் காது குத்துவது கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னாலா, பின்னாலா என்று எழுதுங்கள். வைகாசி முதல் தேதிக்கு வர முடியாது போலிருக்கிறது, லீவு கேட்டுப் பார்க்கிறேன். தாய்மாமன் சீரை மேட்டுத்தெரு மாமாவிடம் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். எனக்காகத் தம்பி மடியில் உட்காரவைக்கட்டும்.

தறியை விறகு விலைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுப்பதானால் கொடுங்கள், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அம்மாவும் சொல்கிறாள். ராட்டையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பரண்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெரியவன்

பின்குறிப்பு: அறுந்த இழையை முடிச்சு தட்டாமல் நெசவாளிகள் எப்படி இணைக்கிறீர்கள் என்று கிழவர் கேட்கச் சொன்னார். நான் போட்டுக் காட்டினேன், என் விரல் மறந்துவிட்டது, நழுவிவிட்டது. அடுத்த கடிதத்தில் படம் வரைந்து அனுப்புங்கள் நைனா. அவசரமில்லை, கண் கட்டு அவிழ்த்த பிறகு போதும்.